இல்லாதவருக்கு ஒரு தேக்கிலை

எங்கள் வீட்டில் உப்பு தீராது, எண்ணெய் தீராது. புளிப்பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாலும் என் மாமியார் ஜக்கம்மா, "புளி நெறஞ்சிருக்கு, தேவாரம் சந்தைக்குப் போனா வாங்கிட்டு வரணும்" என்றுதான் சொல்வாள். "இல்லை" என்ற சொல் வாயில் வந்தால் அது வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். அத்தையை மட்டும் சொல்லி என்ன, எங்கள் ஊரே அப்படித்தான். வெறும் இலையை யார் முன்னாலும் விரித்துப் போட்டுவிட்டு நகர மாட்டார்கள், ஓரத்தில் ஒரு கல் உப்பாவது வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நானும் பக்கத்து ஊர்க்காரிதான். எனக்கும் பால் குடித்த நாளிலிருந்து இதே பாடம்தான்.

அதனால்தான் கல்யாணமான புதிதில் ஒரு கணக்கில் தப்புப் பண்ணினேன்.

என் வீட்டுக்காரர் செல்வமணி அப்போது உத்தமபாளையத்தில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். வந்த கையோடு சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னவோ வகுத்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரம் முழுக்க வழியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளிடம் நாலு வார்த்தை பேசாமல் அந்தக் கறுப்புப் பலகையோடு என்ன கொஞ்சல்? நானும் போடியில் எட்டாவது வரைக்கும் படித்தவள்தான். ஒருநாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"அது என்னன்னு எனக்கும் சொல்லுங்க. அப்பவாச்சும் ஏம் மொகத்தப் பாத்துப் பேசுவீக."

அவருக்கு வாயெல்லாம் பல். ஊரில் கணக்குப் பேச ஆள் கிடைக்காமல் அவர் எத்தனை காலமாகக் காய்ந்துபோயிருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் க்யூப் என்று வரிசையாக உறுப்புகள் வரும் கோவை. அதை எக்ஸ் மைனஸ் இரண்டு மாதிரி ஒன்றால் வகுக்க வேண்டும். நெடுக வகுத்தால் சிலேட்டின் இரண்டு பக்கமும் போதாது. இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, சிந்தெட்டிக் டிவிஷன் என்று அவர் சொன்னார். எக்ஸையெல்லாம் விட்டுவிட்டு அவற்றின் முன்னால் நிற்கும் எண்களை மட்டும் பெரிய அடுக்கிலிருந்து சின்ன அடுக்குக்கு வரிசையாக எழுத வேண்டும். வெளியே ஓரத்தில் இரண்டு. முதல் எண்ணை அப்படியே கீழே இறக்கு. அதை இரண்டால் பெருக்கி அடுத்த எண்ணுக்குக் கீழே எழுதிக் கூட்டு. வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கி அதற்கு அடுத்ததில் கூட்டு. கடைசியில் வருவது மீதி. அவ்வளவுதான், கோலத்துக்குப் புள்ளி வைக்கிற வேலையை விட இது சுலபம்.

"எக்ஸ் க்யூப் மைனஸ் ஏழு எக்ஸ் பிளஸ் ஆறு. எக்ஸ் மைனஸ் ரெண்டால வகு, பாப்போம்" என்றார்.

ஒன்று, மைனஸ் ஏழு, ஆறு என்று மூன்றையும் எழுதினேன். ஒன்றை இறக்கினேன். அதை இரண்டால் பெருக்கினால் இரண்டு. மைனஸ் ஏழோடு கூட்டினால் மைனஸ் ஐந்து. அதை இரண்டால் பெருக்கினால் மைனஸ் பத்து. ஆறோடு கூட்டினால் மைனஸ் நான்கு. "மீதி மைனஸ் நாலு" என்று மார் தட்டினேன்.

"மீதி வரக் கூடாதே."

"அப்ப ஒங்க கணக்குத்தான் தப்பு."

"சரி, எக்ஸ் ஸ்கொயர் எங்க?"

கணக்கைப் பார்த்தேன். எக்ஸ் க்யூபுக்கு அடுத்து நேராக எக்ஸ்தான். நடுவில் எக்ஸ் ஸ்கொயரைக் காணோம். எனக்கென்ன தெரியும், வாயில் பழகினதுதானே வரும்?

"எக்ஸ் ஸ்கொயர் நெறஞ்சிருக்குங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு! புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அத்தை உள்ளேயிருந்து "என்ன ஆத்தா, என்ன ஆச்சு" என்று ஓடி வந்துவிட்டாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லாததுக்கு அந்த எடத்துல சைபர் போடணும், கஸ்தூரி."

"இல்லாதத நாங்க வாயாலயே சொல்ல மாட்டோம். கையால எழுதுவோமாக்கும்?"

"நானும் இந்த வீட்டுலதான பொறந்தேன்? மொத தடவ நானும் இதே தப்பத்தான் பண்ணேன்" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நீ சைபர் போடலேன்னா பின்னாடி நிக்கிறதெல்லாம் ஒரு எடம் முன்னாடி வந்து ஒக்காந்துக்கிரும். அந்த மைனஸ் ஏழு, நாந்தான் எக்ஸ் ஸ்கொயரோட ஆளுன்னு சட்டமா ஒக்காந்துக்கிரும். நீ பெருக்குறது சரியா இருக்கும், கூட்டுறது சரியா இருக்கும். வெட மட்டும் தப்பா இருக்கும்."

சைபரை நடுவில் நுழைத்து மறுபடி போட்டோம். ஒன்று கீழே இறங்கியது. அதன் இரண்டு, சைபருக்குக் கீழே போய் நின்றது. கூட்டினால் இரண்டு.

"பாத்தியா, சைபர் வெறுசாக் கெடக்கல. முந்தின எடத்துலருந்து அதுக்கு ஒரு பங்கு வந்துருது."

பிறகு நான்கு, மைனஸ் மூன்று, மைனஸ் ஆறு. கடைசியில் மீதி ஒன்றும் வரவில்லை. "மீதி நெறஞ்சிருக்கா?" என்று அவர் என் காதைப் பிடித்துத் திருகினார். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு கணக்கு வரும். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஏதாவது ஒரு உறுப்பை விழுங்கியிருப்பார், கள்ள மனிதர். நான் கண்டுபிடித்துச் சைபர் போட்டுவிட்டு "என்ன?" என்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பார்வைக்காகத்தான் அவ்வளவும் படித்தேன். கணக்கு மேலிருந்த ஆசை அப்புறம் வந்ததுதான்.

ரங்கூனில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று கப்பல் ஏறினார். ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்து என்னையும் அழைத்துப் போவதாகப் பேச்சு. அதற்குள் சண்டை வந்து ரங்கூனில் குண்டு விழுந்தது. சனங்கள் பொடிநடையாகவே மலையும் காடும் தாண்டி வந்தார்கள். தேவாரத்து மொக்கைச்சாமி அப்படி வந்தவர்தான். எலும்பும் தோலுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏழெட்டு நாளு எங்ககூடத்தான் நடந்து வந்தாக மதினி. அப்புறம் காய்ச்சல் கண்டுருச்சு. ஒரு மரத்தடியில ஒக்காந்துக்கிட்டு, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலயே வர்றேன்னாக."

அவ்வளவுதான். பின்னால் வருகிறேன் என்றவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் கிடையாது, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் கிடையாது. அத்தை வீரபாண்டிக் கௌமாரியம்மனுக்கு மகன் பேரில் தீச்சட்டி எடுத்தாள். மாமனார் குருசாமி மாமா எங்கே போனாலும் மகன் பேச்சை எடுக்க மாட்டார். எனக்குச் சோற்றுக்குக் குறைச்சல் கிடையாது, யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதும் கிடையாது. ஆனால் சனிக்கிழமை வந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நானே ஒரு கணக்கை உண்டாக்கி, நானே ஓர் உறுப்பை விழுங்கி, நானே கண்டுபிடித்துச் சைபர் போட்டு, "சரியா வந்துருச்சுங்க" என்று சுவரிடம் சொல்வேன். அப்புறம் ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்துவிடுவேன். தனியாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கணக்குச் சரியாக வந்தும் சிரிக்க ஆளில்லாமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் வீடு மெதுவாக அவர் இருந்த இடத்துக்கு நகர்ந்தது. எங்கள் அறையில் முதலில் பருத்தி அடைத்த தாட்டு மூட்டைகளை அடுக்கினார்கள். மழைக்கு நனையாமல் வைக்க வேறு இடம் ஏது? அது சரிதான். பிறகு அவருடைய வெண்கலக் கும்பாவில் கொழுந்தன் சின்னச்சாமி கம்மங்கூழ் குடிக்கத் தொடங்கினான். பாத்திரம் சும்மா கிடந்தால் களிம்பு ஏறாதா? அதுவும் சரிதான். தை மாதம் சின்னச்சாமிக்குக் கல்யாணம் ஆனது. பெண் பூமாரி, பச்சைக் கிளி மாதிரி ஒரு பிள்ளை, என்னைக் கண்டால் "அக்கா, அக்கா" என்று உயிரை விடும். தாட்டுகளை எடுத்துவிட்டு அந்த அறையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். புதுசாகக் கட்டியவர்களுக்குக் கொடுக்காமல், வெறும் சுவரோடு பேசுகிறவளுக்கா கொடுப்பார்கள்? எல்லாம் சரி. நான் யாரிடம் போய்ச் சண்டை போட? பெருக்கல் சரி, கூட்டல் சரி. விடை மட்டும் தப்பாக வந்துகொண்டிருந்தது.

ஆடி மாதம் ஊர்க் கருப்பனுக்குக் கிடா வெட்டு. முதல்நாள் சாயங்காலம் முத்துவீரன் வந்தார். கோயிலில் கூறு போட்டுப் பேர் கூப்பிடுவது அவர்தான். எங்கள் ஊரில் கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு தேக்கிலை. கோயில் முன்னால் தெரு வாரியாக, வீடு வாரியாக, வீட்டுக்குள் மூத்தவருக்குப் பின் இளையவராக, இலைகளை வரிசையாக விரிப்பார்கள். இலைக்கு ஒரு கூறு கறி. பேரைக் கூப்பிட்டால் "ஏன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய் எடுக்க வேண்டும். அந்த வரிசையில் பேர் கேட்டால்தான் அவன் இந்த ஊர்க்காரன்.

"எத்தன தலக்கட்டு மாமா?" என்று முத்துவீரன் கேட்டார்.

"ரெண்டு" என்றார் மாமா.

"போன வருசமும் ரெண்டுதான?"

"ரெண்டுதான்."

நான் உள்ளே மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் இரண்டு என்றால் மாமாவும் என் வீட்டுக்காரரும். அவர் போனதிலிருந்து அந்தக் கூறையும் மாமாதான் வாங்கி வருவார். இந்த வருஷம் சின்னச்சாமியும் தலைக்கட்டாகிவிட்டான், மூன்று வர வேண்டும். இரண்டு என்றால்? எண்ணிக்கை மாறாததால் முத்துவீரனுக்குச் சந்தேகமே வரவில்லை. அடப் பாவிகளா, அறை போனது, கும்பா போனது, பேருமா? முறத்தைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

"மாமா, மூணுல்ல?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உள்ள போத்தா."

"அவுக செத்துட்டாகன்னு சொல்லுங்க, தாலியக் கழட்டி ஒங்க கையில குடுத்துர்றேன். இருக்காகன்னா எலையப் போடச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அடி, வாயக் கழுவுடி!" என்று அத்தை ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

மாமா முத்துவீரனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருசமா அவன் பேருல கூறு வாங்கித் தின்னாச்சு. இன்னமும் சாமி சொத்த எப்பிடித் திங்க? அவந்தான்..." அதற்கு மேல் அவர் வாயில் வார்த்தை வரவில்லை. வராது. அந்தச் சொல்லை அவர் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. சொல்ல முடியாததைத்தான் மனிதர் 'ரெண்டு' என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

"கூறு வேணாம் மாமா. எலைய மட்டும் அந்த எடத்துல போடச் சொல்லுங்க."

முத்துவீரன் ஒரு எட்டுப் பின்னால் போனார். "வெறும் எலையா? சாமி முன்னாடியா? ஆத்தாடி! தாயி, ஊரு தாங்காது." மாமாவிடம், "அப்ப ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மறுநாள் கூறு போடும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் போனேன். தேக்கிலை ஒன்றைக் கழுவி மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். பொட்டலில் இலைகளை விரித்து ஒவ்வொன்றிலும் கறியை வைத்து முடித்திருந்தார்கள். கறி இல்லாத இலை அந்தப் பொட்டலில் ஒரு நொடி நிற்காது, மலைக் கணவாயிலிருந்து வரும் ஆடிக்காற்று அப்படி. மாமாவின் இலைக்கு ஒட்டினாற்போல் சின்னச்சாமியின் இலை. இரண்டுக்கும் நடுவில் என் இலையை விரித்தேன்.

"ஏலே, யாருடா அது? பொம்பளைக்கு இங்கன என்ன வேல?" என்று யாரோ கத்தினார்கள்.

காற்று அந்த இலையைப் புரட்டிக்கொண்டு போனது. ஓடிப் பிடித்து வந்து மறுபடி விரித்தேன். மறுபடி எழும்பியது. அப்புறம் நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையை உள்ளங்கையால் தரையோடு அமுக்கிக்கொண்டேன். ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். சேலை முந்தானை காற்றில் அடித்துக்கொள்கிறது. வெட்கமா என்று கேட்டால், செத்துவிடலாம் போல வெட்கம். பக்கத்தில் வந்து நிற்க ஒரு ஆள் கிடையாது. அப்படி ஒரு தனிமையை அவர் போன அன்றைக்குக்கூட நான் பட்டதில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை.

சின்னச்சாமி பக்கத்தில் வந்து, "மதினி, எந்திரிங்க. எல்லாரும் சிரிக்கிறாக" என்றான்.

"சிரிக்கட்டும். ஓம் எல ஒனக்கு இருக்குல்ல? போய் நில்லு."

அவன் என்ன நினைத்தானோ, தன் இலையைக் கறியோடு தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுப் போய் நின்றான்.

முத்துவீரன் பேர் கூப்பிட ஆரம்பித்தார். தெரு தெருவாக வந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"குருசாமி!"

"ஏன்" என்று மாமா முன்னால் வந்து தம் இலையருகே குனிந்தார்.

முத்துவீரன் நின்றுவிட்டார். அடுத்து சின்னச்சாமி என்று கூப்பிட வேண்டும். ஆனால் கருப்பன் முன்னால் விரித்த இலையைப் பேர் சொல்லாமல் தாண்டக் கூடாது, அது அவர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வந்த முறை. தாண்டினால் சாமி குற்றம். பேர் சொன்னால் வெறும் இலை. மனிதர் மென்று விழுங்கினார். கோயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"செல்வமணி!"

அந்தப் பேரை யாரும் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம்! யாரும் குரல் கொடுக்கவில்லை. முத்துவீரனும் அடுத்த பேருக்குப் போகாமல் நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். காற்று மட்டும் இலையின் நுனியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

குனிந்திருந்த மாமா தம் இலையை எடுக்காமல் அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு தம் கூறிலிருந்து ஒரு கை நிறையக் கறியை அள்ளினார். என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கைய எடு ஆத்தா" என்றார்.

எடுத்தேன். கறியை அந்த இலையில் வைத்தார். இலை நின்றது.

முந்தின இடத்திலிருந்து சைபருக்கு ஒரு பங்கு வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னாரே, அது எனக்கு அந்தக் கணத்தில்தான் ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் அவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்திருப்பேன், "என்ன?" என்று. எங்கே திருப்ப? மண்ணைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

"சின்னச்சாமி!" என்று முத்துவீரன் கூப்பிட்டார்.

வீட்டில் நான் அந்தக் கறியைத் தனிச் சட்டியில் வைத்தேன். அத்தை அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள். யார் பங்கு என்று கேட்கவில்லை. கொதி வரும்போது உப்புச் சாடிக்குள் கையை விட்டேன். அடியில் ஈரம் மட்டும்தான் கையில் ஒட்டியது. திருவிழா அமளியில் யாரும் வாங்கி வைக்கவில்லை.

"உப்பு நெறஞ்சிருக்கு அத்தை" என்றேன்.

அத்தை சாடியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லு ஆத்தா" என்றாள். "இல்லாதத இல்லன்னு சொல்லு." சாடியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பூமாரி பக்கத்து வீட்டில் உப்பு வாங்கி வருகிறேன் என்று எழுந்தாள். வேண்டாம் என்று அத்தை கையைக் காட்டினாள். அந்தத் தேக்கிலையைக் கழுவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தேன். அன்றைக்கு உப்பில்லாமல்தான் சாப்பிட்டோம்.